எல்லா இடத்திலும் நாலு

இடது கை ஆள்காட்டி விரலை அவர் உயர்த்திவிட்டால் தெருவில் நாங்கள் நான்கு பேரும் மூச்சை நிறுத்திவிடுவோம். டிரைவர் ஜீப்பின் எஞ்ஜினை முன்பே அணைத்திருப்பார். தோண்டுகிறவர்கள் இருவரும் கடப்பாரையைத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் கால் மாற்றாமல் நிற்பார்கள். நான் வரைபடத்தை விரித்தபடியே பிடித்திருப்பேன். தாள் சரசரக்கக் கூடாது. அவர் மார்பளவு உயரமுள்ள எஃகுக் கம்பி ஒன்றைச் சாலையில் ஊன்றி, அதன் தலையிலிருக்கும் மரக் கிண்ணத்தில் வலது காதைப் பொருத்திக் குனிந்திருப்பார். கண் மூடியிருக்கும். விரல் இறங்கும்போது ஒரு எண் வரும். "ஆறு." நாங்கள் மூச்சு விடுவோம். நான் வரைபடத்தில் ஆறு என்று எழுதுவேன்.

ஒன்று என்றால் எங்கோ தூரத்தில் குழாய் கசிகிறது. பத்து என்றால் காலுக்கடியில். நாலு, ஆறு, ஏழு என்று எண் ஏறும் திசையில் நடப்போம். இறங்கத் தொடங்கினால் திரும்பி வருவோம். உச்சியில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. அங்கே தோண்டினால் நாலடி மண்ணுக்குக் கீழே விரிசல் இருக்கும். தண்ணீர் இலாகாவில் பதினோரு வருடமாக அவருடன் வரைபடம் தூக்கிப் போகிறேன். குறி தவறி நான் பார்த்ததில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். ஆறு மணிக்கு ஊர் விழித்துக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரம்தான் அவருடைய உத்தியோகம்.

நாங்கள் அவரைக் காதண்ணன் என்போம். பெரிய காதுகள் என்று நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தையின் காது போலச் சிறியவை, மண்டையோடு ஒட்டிக் கிடப்பவை. வலது காது இலாகாவுக்கு, இடது காது வீட்டுக்கு என்பது அவர் கணக்கு. போனை இடது காதில்தான் வைப்பார். முடிவெட்டுகிறவர் வலது காதருகே கத்திரியைக் கொண்டுபோனால் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கத்து முடி எப்போதும் ஒரு விரற்கடை நீளமாக இருக்கும்.

ஒருமுறை புதிதாக வந்த உதவிப் பொறியாளர் தானே கேட்டுப் பார்ப்பதாகக் கம்பியை வாங்கினார். தெருமுனையில் ஐந்து என்றார். பத்தடி தள்ளி ஐந்து. விளக்குக் கம்பத்தடியில் ஐந்து. தெரு முழுக்க ஒழுகுகிறது, மொத்தக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று குறிப்பெழுதச் சொன்னார். காதண்ணன் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ரோடு ஒழுகல. வாட்ச்சக் கழட்டுங்க."

கம்பியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் பொறியாளரின் கைக்கடிகாரம் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றியதும் தெரு ஊமையாகிவிட்டது.

"கசிவுன்னா ஏறும், இறங்கும் சார். எல்லா இடத்துலயும் ஒரே அளவா கேட்டா அது தரையில இல்ல. கேக்கிற ஆள்கிட்ட இருக்கு."

அன்றிலிருந்து ஜீப்பில் யாராவது வாய்க்கு வந்தபடி அளந்தால் டிரைவர் திரும்பிப் பார்க்காமலேயே சொல்வார்: "வாட்ச்சக் கழட்டுப்பா."

பெரிய சத்தம் காதண்ணனை ஒன்றும் செய்யாது. கல்லுடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். சின்னச் சத்தம்தான் ஆகாது. சட்டைப்பையில் சில்லறை உரசுவது, யாராவது உதட்டை நாவால் தடவுவது, பேனா மூடியைத் திறந்து மூடுவது. முகம் சுளிக்க மாட்டார். கழுத்து மட்டும் ஒரு பக்கமாக மெல்லச் சாயும், காற்றில் எதற்கோ இடம் விடுவது போல. தொடுவதிலும் அதே கதை. தோளில் ஓங்கி அறைந்தால் சிரிப்பார். தெரியாமல் முழங்கை பட்டுவிட்டால் கொதிக்கும் தண்ணீர் பட்டது போல விலகுவார். பனியனைத் தையல் வெளியே தெரிய உள்புறமாகத் திருப்பிப் போட்டிருப்பார். "தொடறதுன்னா அழுத்தித் தொடு. இல்ல தொடாத" என்று என்னிடம் முதல் வாரமே சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் பதினாறு வருடமாக ஒரு பெண்ணோடு ஒரே கட்டிலில் படுக்கிறார்.

அவர் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. கடிகாரம் இல்லை. திரைச்சீலை வளையங்களில் கம்பளி நூல் சுற்றியிருக்கும். கதவுக் கீல்களில் எண்ணெய் வழிந்து சுவரில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். படுக்கையறை மின்விசிறியை அவரே இறக்கி, பேரிங் மாற்றி, மறுபடி மாட்டியிருக்கிறார். சுழல்வது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. குழந்தைகள் இல்லை. ஒன்று இருந்திருந்தால் அது அழுவதற்கு இந்த வீட்டில் இடம் எங்கே என்று அண்ணி ஒருமுறை சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை. பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

அண்ணியின் உண்மையான குரலை நான் கேட்டது அவர் வேலை செய்யும் லாண்டரியில். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். இயந்திரங்களின் இரைச்சலில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் பேச வேண்டும். அண்ணி அங்கே கத்துகிறார், பாடுகிறார், எதிரில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருப்பவளைக் கேலி செய்து அழவைக்கிறார். இலாகாவின் மேசை விரிப்புகளைக் கொடுக்கப் போனபோது முதலில் யாரோ என்று நினைத்தேன்.

மடிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தால் விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாமாம், அதில் படுத்தவர்கள் சண்டை போட்டார்களா, ஒட்டிப் படுத்தார்களா, ஒருவர் எழுந்துபோய்த் தரையில் படுத்தாரா என்று. "எங்க வீட்டு விரிப்பு வந்தா நான் என்ன சொல்வேன் தெரியுமா தம்பி? ஒரே ஆள் படுத்த கட்டில்னு சொல்வேன். என் பக்கம் ஒரு மடிப்புகூட விழாது."

அந்த விரிப்பை நான் பார்த்திருக்கிறேன். புதுத் துணி அவருக்குக் குத்தும் என்பதால் அண்ணி அதை லாண்டரியில் பத்துப் பன்னிரண்டு முறை துவைத்து, நூல் சோர்ந்துபோன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவருவார். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு நூல் ஓடும். அண்ணி தைத்தது. கல்யாணமான முதல் வருடம் தூக்கத்தில் அண்ணியின் தலைமுடி நுனி தோளில் பட்டு, அண்ணன் கட்டிலிலிருந்து குதித்துச் சுவரில் மோதியிருக்கிறார். மறுநாள் அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாராம், "ஒண்ணு மேல வந்து விழு, இல்லன்னா எட்டிப் படு. நடுவுல உரசாத." இதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி முறையில் இருப்பவனிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்திருக்கும்.

தனித்தனியாகப் படுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அண்ணி அதையும் செய்து பார்த்தார். கூடத்தில் பாய் விரித்துப் படுத்த அன்று அண்ணன் மூன்று முறை எழுந்து வந்து வாசற்படியில் நின்றாராம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அண்ணி இதை இப்படிச் சொன்னார்: "கட்டில்ல பக்கத்துல ஆள் வேணும். ஆனா அந்த ஆளு இருக்கக் கூடாது."

எனவே அண்ணி, இருந்துகொண்டே இல்லாமல் இருக்கப் பழகினார். வளையல்களைக் கழற்றித் துணியில் சுருட்டி வைத்தார். ஈரத்துணியால் கூந்தலை இறுகக் கட்டினார். எச்சில் விழுங்குவதைத் தள்ளிப்போட்டார். புரள வேண்டுமானால் அண்ணன் புரளும்போது அந்தச் சத்தத்துக்குள்ளேயே தானும் புரண்டுகொண்டார். எல்லாம் ஆன பிறகு மூச்சு ஒன்றுதான் மிஞ்சியது.

அண்ணியின் மூச்சில் ஒரு பழுது இருப்பதை அண்ணன் கல்யாணமான சில மாதங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒரு மெல்லிய 'உஸ்'. இணைப்பில் ரப்பர் நைந்த குழாய் போல. வந்து, தேய்ந்து, மறுபடி வரும். இடது மூக்கு என்றார். அண்ணி பக்கம் மாற்றிப் படுத்தார். வலது மூக்கும்தான் என்றார். அண்ணி வாயால் மூச்சு விட்டுப் பார்த்தார். ஆவி பிடித்தார். மூக்கு மருத்துவரிடம் போனார். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இவ்வளவு சுத்தமான மூக்கைப் பார்த்து நாளாகிறது என்றார். அண்ணிக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் சந்தேகப்படவும் இல்லை. நாலடி மண்ணுக்குக் கீழே இருப்பது கேட்கிற காதுக்கு நாலு விரற்கடையில் இருக்கும் மூக்கா கேட்காது?

அண்ணன் கோபப்பட்டவரில்லை. ஒருநாளும் குரல் உயர்த்தியவரில்லை. சத்தம் வரும்போது இருட்டில் இடது கை ஆள்காட்டி விரலை உயர்த்துவார், அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த விரல் மட்டும் தெரியும். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொள்வார். விரல் இறங்கினால் விடலாம். முதலில் பத்து எண்ணும்வரை பிடிக்க முடிந்தது. பிறகு இருபது. லாண்டரியில் கைகள் மடித்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிப் பழகி அறுபதுக்குக் கொண்டுவந்தார். அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

சில இரவுகள் வேறு மாதிரி ஆகிவிடும். அண்ணி அவ்வளவு நன்றாக அசையாமல் கிடப்பார் என்பதால் அண்ணனுக்குப் பயம் வந்துவிடும். சிவப்பு நூலைத் தாண்டிக் கை வரும். உள்ளங்கையை முழுப் பாரத்தோடு அண்ணியின் நெஞ்சில் அழுத்தி வைத்து, துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார். "என்னத் தொடணும்னா நான் செத்துக் காட்டணும்" என்றார் அண்ணி. இரண்டு இயந்திரங்கள் ஒருசேர நின்ற இடைவெளியில் இதைச் சொன்னதால் லாண்டரி முழுவதற்கும் கேட்டுவிட்டது. எதிரிலிருந்தவள் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் அண்ணி வீட்டில் இல்லை. மூன்று தெரு தள்ளி இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாக அண்ணன் சொன்னார். ஒரு வாரமானது, இரண்டு வாரமானது. நான் லாண்டரிக்குப் போனேன். அண்ணி என்னை வெளியே கூப்பிட்டு, மூட்டைகள் இறக்கும் மேடையில் உட்கார வைத்துப் பேசினார். இரைச்சல் இல்லாத இடத்தில் அவர் தாழ்ந்த குரலில் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

அண்ணி கிளம்பி வந்ததற்கு முந்தின இரவும் விரல் உயர்ந்தது. அண்ணி மூச்சைப் பிடித்தார். இருபது எண்ணினார். விரல் இறங்கவில்லை. முப்பது. "நிறுத்தேன்" என்றார் அண்ணன். அண்ணி நிறுத்தித்தான் இருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து. அண்ணன் அவர் பக்கம் தலையைச் சாய்த்து, தெருவில் எண் சொல்கிற அதே நிதானத்தோடு சொன்னார்: "இதோ இழுக்கற. இதோ விடற. இதோ இழுக்கற."

"நான் மூச்சே விடல தம்பி" என்றார் அண்ணி. "நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு, வாய இறுக்கி மூடியிருக்கேன். என் இடத்துலேருந்து மூச்சு வருதுங்கறார். அப்ப விட்டது யாரு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவரு காது தப்பாது. உனக்கே தெரியும். அதான் பயமா இருக்கு. இத்தன வருஷமா எனக்கும் அவருக்கும் நடுவுல எது படுத்திருக்கு? நான் யாருக்காக மூச்சப் பிடிச்சேன்?" எழுந்து புடவையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டார். "அது நானில்ல. யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து கூப்பிடச் சொல்லு. அதுவரைக்கும் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்."

நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து உறையில் போட்டு முடிச்சிட்டார். "அவ போனப்புறமும் நிக்கல" என்றார். "அவ இடத்துலேருந்துதான் வருது. அவ தலகாணி இருக்கிற இடம்."

அதன் பிறகு வந்த நாட்களில் தெருவில் அவர் எண்கள் சரியாகவே இருந்தன. குறி போட்ட இடத்தில் தண்ணீர் இருந்தது. ஆனால் எண்ணைச் சொன்ன பிறகும் அவர் விரல் உடனே இறங்குவதில்லை. ஜீப்பில் கம்பியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துப்போயிருந்தது. பனியனைத் திருப்பிப் போடுவதை விட்டுவிட்டார். தையல் கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது, அதை அவர் கவனிக்கவேயில்லை. தோண்டுகிறவர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். டிரைவர் வாட்ச் ஜோக்கைச் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை என்னைத் தனியாக அழைத்தார். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வர்றியா? சாக்பீசும் ஒரு வெள்ளத் தாளும் எடுத்துட்டு வா."

போனேன். சாப்பிட்டுவிட்டுத் தெரு முழுவதும் படுத்திருந்த நேரம். வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடைத்திருந்தார். மின்சாரத்தை மெயினில் நிறுத்தியிருந்தார். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். படுக்கையறையில் சிவப்பு நூல் ஓடும் விரிப்பு, அண்ணன் படுக்கும் பக்கம் கசங்கியும் அண்ணி படுக்கும் பக்கம் தட்டையாகவும் கிடந்தது.

"இப்பவும் இருக்கா அண்ணே?"

"ராத்திரி மட்டும் வந்தா பேய்னு விட்டுடலாம். பகல்லயும் வருது."

அறையை வெள்ளைத் தாளில் வரையச் சொன்னார். கட்டில், அலமாரி, ஜன்னல், கதவு. தெருவை வரைவது போலவே வரைந்தேன். அவர் உறையிலிருந்து கம்பியை எடுத்தார். வாசற்படிக்கு அருகே தரையில் ஊன்றிக் காதைப் பொருத்தினார். விரல் உயர்ந்தது. நான் மூச்சை நிறுத்தினேன்.

"நாலு."

தரையில் சாக்பீசால் புள்ளி வைத்தேன், தாளில் நாலு என்று எழுதினேன். சுவருக்கு நகர்ந்தார். "நாலு." கட்டிலின் நான்கு கால்களிலும் கேட்டார். நான்கிலும் நாலு. அண்ணியின் புடவைகள் இருக்கும் அலமாரியில் கம்பியைச் சாய்த்துக் கேட்டார். நாலு. ஜன்னல் கம்பியில் நாலு. அண்ணியின் தலையணையில் கம்பியின் முனையை அழுத்தி வெகுநேரம் குனிந்திருந்தார். அந்த அறையில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவர் தலை மிக லேசாக, ஏதோ ஒன்றின் போக்குவரத்துக்கு ஏற்ப, ஆடிக்கொண்டிருந்தது.

"நாலு" என்றார்.

கம்பியை வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறினார். தன் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். வலப்பக்கம் அண்ணியின் இடம். அங்கே கையைக் காட்டினார். "இங்கேருந்து." பிறகு எழுந்து சிவப்பு நூலைத் தாண்டி அண்ணியின் இடத்துக்குப் போனார். கால்மாட்டுச் சுவரில் ஏதாவது குழாய் போகிறதா என்று கேட்பதற்காகத் தலையை அந்தப் பக்கம் வைத்து, தலைமாடு கால்மாடாகப் படுத்தார். விரலை உயர்த்தினார். நான் காத்திருந்தேன். எண் வரவில்லை. விரல் மெதுவாகச் சாய்ந்து தன் வலப்பக்கத்தைக் காட்டியது. அங்கே இப்போது இருந்தது அவருடைய இடம். ஒரு நிமிடம் முன்பு அவர் உடம்பு விட்டுவந்த பள்ளம்.

"இப்ப அங்கேருந்து வருது" என்றார்.

நான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். விரிப்பின் கசங்கல்கள் மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தன, யாரோ இப்போதுதான் வசதியாகப் படுப்பது போல. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டேன். கதவில் நாலு, சுவரில் நாலு, அலமாரியில் நாலு, கட்டிலைச் சுற்றி நாலு. பதினோரு வருடத்தில் ஒரே எண்ணால் நிரம்பிய வரைபடம் ஒன்றை நான் எழுதியதில்லை.

தாளைத் திருப்பிக் கட்டிலில் அவர் முகத்துக்கு நேராக வைத்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அந்த வீட்டில்தான் கடிகாரம் இல்லையே. பிறகு இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் கைகள். அவர் வாட்ச் கட்டுகிறவரே இல்லை. சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுக் காது கொடுத்தார். இல்லை என்று தலையசைத்தார். கழற்ற இன்னும் என்ன இருக்கிறது என்று தேடும் கை கன்னத்துக்குப் போனது, தாடையைத் தடவியது, வலது காதுக்குக் கீழே கழுத்தில் போய் நின்றது. கட்டைவிரலை அங்கே அழுத்தினார்.

"நின்னுடுச்சு" என்றார்.

விரலை எடுத்தார். "வந்துடுச்சு."

மறுபடி அழுத்தினார். "நின்னுடுச்சு." எடுத்தார். "வந்துடுச்சு." விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல அதைச் செய்துகொண்டிருந்தார். குரலில் பயமோ வியப்போ இல்லை, எண் சொல்லும் குரல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் விரலை எடுக்க முன்பைவிட அதிக நேரமானது.

மருத்துவரிடம் போவோம் அண்ணே, ரத்தக் குழாய் சமாசாரமாக இருக்கும் என்றேன். அப்புறம் என்பது போலக் கையை அசைத்தார்.

"எத்தன எண்ணுற வரைக்கும் பிடிப்பேன்னு சொன்னா?"

"அறுபது."

கட்டில் விளிம்பில் நேராக உட்கார்ந்து, வாயை இறுக மூடி, விரலால் தொடையில் தட்டி எண்ணத் தொடங்கினார். நான் உடன் எண்ணினேன். இருபதில் முகம் சிவந்தது. முப்பதில் தோள் நடுங்கியது. முப்பத்து நாலில் விட்டுவிட்டார். அந்த அறை அவ்வளவு பெரிய மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருக்காது. குனிந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, காற்றை அள்ளி அள்ளி உள்ளே போட்டார்.

பிறகு முகம் கழுவி, பனியனை உள்புறமாகத் திருப்பிப் போட்டு, கம்பியை எடுத்துக்கொண்டார். நானும் உடன் போனேன். அக்கா வீட்டுக்கு மூன்று தெரு. அவர் குறி போட்டுத் தோண்டி மூடிய தெருக்கள்தான். வழக்கமாகக் கம்பியை ஊன்றி நடப்பவர் அன்று அதைத் தரையில் படாமல் தோளில் சாய்த்து எடுத்து வந்தார்.

கதவைத் திறந்தது அண்ணியின் அக்கா. கம்பியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ள, ஞாயித்துக்கிழமையும் குழாய் தோண்ட வந்துட்டீங்களா?" அண்ணன் செருப்பைக் கழற்றவே வழிவிட்டு, பின்னாலேயே வந்து சொன்னார், "மூணு மாசமா என் வீட்டுல குறட்ட விட்டுத் தூங்கறா. எங்க வீட்டுக்காரர் மாடியில போய்ப் படுக்கறார். அத முதல்ல கேட்டுக்கோங்க, அப்புறம் கூப்பிடுங்க."

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அண்ணி சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் வளையல்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அவை குலுங்கின. எங்களைப் பார்த்ததும் கை நின்றது. வளையல் சத்தமும் நின்றது. அது பழக்கத்தால் நின்றது என்பது அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும்; கழுத்து ஒரு பக்கமாகச் சாயவில்லை, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் அண்ணி.

அண்ணன் டிவியைப் பார்த்தார். அக்கா அதை அணைத்தார். அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். உறையின் முடிச்சை அவிழ்த்தார். எஃகு முனையைத் தன் வலது காதுக்குக் கீழே கழுத்தில் வைத்து, சுற்றிலும் தோல் வெளுக்குமளவுக்குக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனையிலிருந்த மரக் கிண்ணத்தை அண்ணியின் பக்கமாக நீட்டினார். பதினாறு வருடத்தில் அந்தக் கம்பியை அண்ணி தொட்டதில்லை. வீட்டில் அதற்கென்று ஒரு மூலை, அந்த மூலைப்பக்கம் துடைப்பம்கூடப் போகாது.

அண்ணி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து வந்து கிண்ணத்தைக் கையில் வாங்கினார். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குனிந்து காதைப் பொருத்தினார். கண்ணை மூடினார்.

இருவருக்கும் நடுவில் அந்தக் கம்பியின் நீளம் இருந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. அண்ணியின் தோள்கள் ஏறி இறங்குவது நின்றது. தொண்டைக் குழி நின்றது. இப்படித்தான் கிடந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் கண்ணால் தெரிந்தது: நின்றபடியே ஒரு மனுஷி எங்கள் முன்னால் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது ஐம்பதைத் தாண்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அறுபது. அண்ணியின் உதட்டோரம் நீலம் பாரித்தது. அறுபத்தைந்து.

அண்ணன் தலையைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினார்.

"மூச்சு விடு" என்றார். "பரவால்ல. மூச்சு விடு."

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. இடது கை ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினார்.